காதின் இரைச்சலும் கேள்வியின் மொழியும்



நம் சங்க இதழில் பண்டிகைகளைப் பற்றியும், பிள்ளைகளின் தமிழ்க் கல்வியைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நான் இரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு குமாஸ்தா; மெட்ரிகுலேஷன் தேறியவன்; வைத்திய சாஸ்திரம் கற்றவனல்லேன். ஆயினும் துருக்கி தேசத்தார் ஒரு வைத்தியக் கேள்வித்தாளைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்த வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தேன். நாகபுரியில் வாழும் நமக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் நடந்ததை முதலிற் சொன்னால் சம்பந்தம் தானே விளங்கும்.

என் தந்தையார் டீசல் ஷெட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். சில காலமாக, "காதுக்குள்ளே இன்ஜின் நின்று இரைகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவந்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். செவியைப் பரிசோதித்த பின் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். தந்தையாருக்கு ஆங்கிலம் வாராது. இந்தி, ஷெட்டு வேலைக்குப் போதிய அளவே வரும். ஆகவே நானே ஒவ்வொரு கேள்வியாகத் தமிழிற் சொல்லி, அவர் விடையைக் குறித்துக் கொடுத்தேன். மொத்தம் 28 புள்ளிகள் வந்தன. இலேசான உபாதை என்றார்கள். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்தபோது கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. தந்தையார் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரேடியோ. அதில் எந்த ஸ்டேஷனும் வரவில்லை, வெறும் கரகரப்பு. "இந்த இரைச்சல் கேட்டால் அந்த இரைச்சல் கொஞ்சம் அடங்குகிறது, தம்பி. நீ போய்ப் படுத்துக்கொள்" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை.

28 புள்ளி உடையவர் இப்படி விடியுமட்டும் உட்கார்ந்திருப்பாரா? கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மறுமுறை போனபோது செவிப் பரிசோதகரிடம் இதைக் கூறினேன். அவர், "மொழிபெயர்த்தவர் நீர்தாமே?" என்று சிரித்துவிட்டு, ஒரு கேள்வித்தாளை வேற்று மொழிக்குக் கொண்டுபோவது எத்துணைப் பெரிய வேலை என்பதற்குத் துருக்கியர் செய்ததை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதன்பின் தேடிப் படித்தவற்றின் சாரத்தையே இங்கே தருகிறேன்.

இவ்வுபாதை யாது?

வெளியே ஓசை எதுவும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஓர் ஓசை கேட்பதை மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பர். மணி ஒலிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. சிலருக்கு மணியொலி; சிலருக்கு வண்டின் ரீங்காரம்; சிலருக்குக் கடலிரைச்சல். பேரோசையிடையே நெடுங்காலம் உழைத்தல், முதுமை, காதில் அழுக்கு அடைத்தல், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் உள்ளன. இவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செவியிலிருந்து வரும் செய்தி குறையவே, மூளை தன் பங்குக்கு ஒலியை உயர்த்திக்கொள்கிறது. இல்லாத ஓசை கேட்பதாகத் தோன்றுகிறது. இதுவே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. நோயாளி கேட்கும் ஓசைக்கு இணையான ஓசையைக் கருவியில் எழுப்பி, அதன் உரப்பை மதிப்பிடலாம். அப்படிப் பார்த்தால், பெரும்பாலோருக்கு அது அவர் செவிக்கு எட்டக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கு ஒருசில டெசிபல் மேலாகவே இருக்கிறது. அவ்வளவு சிறிய ஓசையே ஒருவரைப் பைத்தியம் பிடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. மற்றொருவரோ அதைப் பொருட்படுத்தாமல் உண்டு உறங்குகிறார். ஆக, ஓசையின் அளவு வேறு. துன்பத்தின் அளவு வேறு. துன்பத்தை அளக்கும் கருவி எதுவும் கடையில் கிடையாது. நோயாளியைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

இதற்காகவே 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூமன், ஜேக்கப்சன், ஸ்பிட்சர் என்னும் மூவர் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டனர். அதில் 25 கேள்விகள். மனம் ஒன்றிப் படிக்க முடிகிறதா, உறக்கம் வருகிறதா, பிறர் பேச்சுக் கேட்கிறதா, கோபம் வருகிறதா, குடும்பத்தாரோடு உறவு கெடுகிறதா, இதிலிருந்து தப்ப வழியே இல்லை என்று தோன்றுகிறதா என்றவாறு கேள்விகள் செல்லும். 'ஆம்' என்றால் 4 புள்ளி. 'சில வேளை' என்றால் 2. 'இல்லை' என்றால் சுழி. மொத்தம் 100. பின்னர் 2001-இல் இங்கிலாந்தில் வகுத்த படிநிலையின்படி, 16 வரை அற்பம். 18 முதல் 36 வரை இலேசு. 38 முதல் 56 வரை நடுத்தரம். 58 முதல் 76 வரை கடுமை. அதற்கு மேற்பட்டது மிகக் கொடுமை.

ஒரு கேள்விக்கு 4 புள்ளி என்பதை நினைவில் வையுங்கள். மூன்று கேள்விகளின் பொருள் மாறினால் 12 புள்ளி பிசகும். 36 பெறவேண்டியவர் 48 பெறுவார். 48 பெறவேண்டியவர் 36 பெறுவார். இலேசு நடுத்தரமாகும், நடுத்தரம் இலேசாகும். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும்.

துருக்கி மொழியின் இயல்பு

துருக்கி மொழியின் அமைப்பைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க்காரர் ஒருவரை அயலூர்ப் பிளாட்பாரத்தில் சந்தித்தது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. அதுவும் நம் தமிழைப் போலவே விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மொழி. 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெரிமிஸ்தெ' என்றால் 'நம் வீடுகளில்'. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். 'கெல்தி' என்றால் வந்தான்; 'கெல்தி மி?' என்றால் வந்தானா? நம் வினா ஆகாரம் போல அவர்களுக்கு 'மி'. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேற்றுமையும் உண்டு. 1928-ஆம் ஆண்டில் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்தை மேற்கொண்டார்கள். எழுத்து ஒன்றாயிருப்பதனால் ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பது எளிது என்று எண்ணிவிடலாகாது. ஆங்கில வாக்கியத்தின் தலை இங்கே வாலாகும், வால் தலையாகும்.

சொற்களின் சங்கடம் அதைவிடப் பெரிது. நோயின் பெயரையே எடுத்துக்கொள்வோம். துருக்கிய மருத்துவர் தம் நூல்களில் டின்னிட்டஸ் என்றே எழுதுகிறார். ஊரில் இருக்கும் முதியவர் அதை 'குலாக் சின்லமாஸி' என்பார். காது கணீரென்று ஒலித்தல் என்பது பொருள். இச்சொல்லுக்கு அந்நாட்டில் ஓர் அன்பான வழக்கும் உண்டு. தூரத்தில் இருக்கும் நண்பரைப் பற்றிப் பேச நேர்ந்தால், 'குலாக்லாரி சின்லாசின்', அதாவது, 'அவர் காதுகள் ஒலிக்கட்டும்' என்பார்கள். நமக்குப் புரையேறினால், ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்கிறோமல்லவா? அதைப் போன்றது. எவருடைய நோயோ, அவருடைய நாவில் அச்சொல் அன்பின் அடையாளமாகவும் இருக்கிறது. ஆகவே எந்த ஓசையைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைத் தாளின் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

அடுத்து, ஆங்கிலக் கேள்வித்தாளின் பெயரில் 'ஹாண்டிகாப்' என்றொரு சொல் இருக்கிறது. நோயினால் வாழ்க்கையில் நேரும் இடையூறு என்பது ஆசிரியர்கள் கருதிய பொருள். துருக்கி மொழியில் தடைக்கு 'எங்கெல்' என்பர். ஆனால் அதிலிருந்து பிறந்த 'எங்கெல்லி' என்பதோ, மாற்றுத்திறனாளியைக் குறிக்கும் அன்றாடச் சொல். 'எனக்குக் காதிலே இரைச்சல்தான், நானா மாற்றுத்திறனாளி?' என்று ஒருவர் மனம் சுருங்கக்கூடும். சுருங்கிய மனத்தோடு சொல்லும் விடை மெய்விடையாகுமா?

'இதன் காரணமாக' என்ற சிறு தொடர் பல கேள்விகளில் வருகிறது. அதற்குத் துருக்கி மொழியில் 'யுஸுந்தென்' என்று ஒரு சொல் உண்டு. நேர்ப்பொருள் 'அதன் முகத்திலிருந்து'. இதைத் தீமை விளைந்த இடத்திலேயே பெரும்பாலும் வழங்குவர். அதில் பழி சாட்டும் தொனி இருக்கிறது. 'நெதெனிய்லெ' என்பது பழி சாட்டாத பொதுச்சொல். எதை வைப்பது? பழி சாட்டும் சொல்லைக் கேட்டவர் 'ஆம்' சொல்ல விரைவார் அல்லவா?

மனத்துயரைக் குறிக்கும் சொற்களோ இன்னும் நுட்பமானவை. துருக்கியர் மனம் சலித்தாலும் வருந்தினாலும் 'உயிர் இறுகிவிட்டது' என்று சொல்லும் வழக்கம் உடையவர்கள். 'ஸிகின்ட்டி' என்னும் இறுக்கத்தில் சலிப்பும் கவலையும் ஒருங்கே அடங்கும். மனச்சோர்வை 'சொக்குன்' என்பர். இடிந்து சரிந்த நிலை என்பது அதன் வேர்ப்பொருள். எண்ணியது கைகூடாமையால் எழும் எரிச்சலை ஆங்கிலத்தார் ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். அதற்கு நேரான தனிச்சொல் துருக்கி மொழியில் எளிதிற் கிடைப்பதில்லை. 'கற்பனை உடைதல்' என்று வைத்தால் அது ஏமாற்றம் ஆகிவிடும். நம் தமிழிலும் இதே சங்கடம்தானே!

சரக்குச் சேர்ந்ததா?

இத்தகைய வேலைக்கு உலகெங்கும் ஒரு நடைமுறை ஏற்பட்டிருக்கிறது. ஆசிரியர்களின் அனுமதி பெறவேண்டும். இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். ஒருவர் மருத்துவம் அறிந்தவராகவும், மற்றவர் அறியாதவராகவும் இருத்தல் நலம். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். பின்பு மூலத்தையே காணாத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஆக்குவர். மருத்துவர், மொழியறிஞர் முதலியோர் கொண்ட குழு அனைத்தையும் ஆராய்ந்து ஒரு வடிவத்தைத் தீர்மானிக்கும். அவ்வடிவத்தை 30 முதல் 40 நோயாளிகளுக்குக் கொடுத்து, "இந்தக் கேள்வியை நீங்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள்?" என்று விசாரிப்பர்.

இந்தக் கடைசிப் படியே உயிரானது என்பது என் எண்ணம். பார்சல் ஆபீசில் வேலை செய்பவனுக்கு இது நன்றாக விளங்கும். போன வண்டி திரும்பி வந்தது என்பதனால் சரக்கு உரியவரிடம் சேர்ந்தது என்று ஆகுமா? சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம் திரும்பவும் ஆங்கிலத்தில் அழகாகவே வந்து நிற்கும். நடுவில் உள்ள துருக்கியருக்கு மட்டும் அது விளங்கியிராது. பெறுபவர் கையொப்பம் இருந்தால்தான் நாம் கணக்கை முடிப்போம். இங்கே பெறுபவர் நோயாளி.

அதன்பின் இரண்டு சோதனைகள். எங்கள் ஆபீசில் ஒரு தராசு இருக்கிறது. ஒரே மூட்டையைக் காலையிலும் மாலையிலும் வைத்தால் ஒரே நிறை காட்டவேண்டும். அது நம்பகம். மூட்டையின் பருமனைக் காட்டாமல் எடையையே காட்டவேண்டும். அது பொருத்தம். கேள்வித்தாளுக்கும் இவ்விரண்டும் வேண்டும். ஒரே நோயாளிக்குச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கொடுத்து நம்பகம் பார்ப்பர். கேள்விகள் தமக்குள் ஒத்திசைகின்றனவா என்பதை, க்ரான்பாக் என்னும் அறிஞர் 1951-இல் விளக்கிய 'ஆல்பா' என்ற எண்ணால் அறிவர். அது 1-ஐ நெருங்க நெருங்க நன்று, 0.7-க்குக் குறையலாகாது என்பது வழக்கம். ஆங்கில மூலத்துக்கு 0.93 கிடைத்தது. மனச்சோர்வு முதலியவற்றை அளக்கும் பிற தாள்களோடு ஒப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பர்.

துருக்கி மொழி வடிவத்தின் நம்பகத்தையும் பொருத்தத்தையும் பற்றிய ஆய்வு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆங்கிலத் தாள் பிறந்து பதினோராண்டு சென்ற பிறகே, துருக்கியர் தம் காதின் துயரத்தைத் தம் மொழியில் அளக்கும் தராசு ஒன்று அமைந்தது.

இது துருக்கியில் மட்டும் பயன்படுவதன்று. 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 30-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. அதன் வழியே இலட்சக்கணக்கானோர் ஜெர்மனி சென்று சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தனர். ஓசைமிக்க இயந்திரங்களிடையே வயது கழிந்த அம்முதியோர், ஜெர்மன் மருத்துவர்முன் உட்காரும்போது அவர்தம் பிள்ளைகளே மொழிபெயர்த்தனர். துருக்கிக்குள்ளேயும் குர்து மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பல இலட்சம் பேர் உளர். அவர்கள் வீட்டு மூதாட்டிக்குத் துருக்கித் தாளும் அயல்மொழித் தாளே. ஆக, ஒரு தேசத்தின் மொழிக்குத் தாள் வந்துவிட்டது என்பதனால் அத்தேசத்தார் அனைவருக்கும் அது வந்துவிட்டதாகாது. நம்மைப்போன்ற பிறமாநிலவாசிகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

என் பிழை

இவற்றையெல்லாம் படித்தபின் என் கைவேலையை எண்ணி நாணினேன். ஒருவரும் சரிபார்க்காமல், ஐந்தே நிமிஷத்தில் 25 கேள்விகளையும் பெயர்த்தவன் நான். 'தூக்கம் வருகிறதா?' என்று கேட்டேன், 'வருகிறது' என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேனல்லேன். 'நம்பிக்கை இழந்துவிட்டீர்களா?' என்றேன், 'சே, சே' என்றார். பெற்ற மகனிடம் எந்தத் தகப்பன் 'ஆம்' என்பான்? இவற்றைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. குடும்பத்தாரோடு உறவு கெடுகிறதா என்ற கேள்வியைக் கேட்க எனக்கே கூச்சமாயிருந்தது. கேட்காமலே 'இல்லை' என்று குறித்துவிட்டேன்.

அவ்வாஸ்பத்திரியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் செவிப் பரிசோதனைப் பயிற்சியில் இருந்தார். மூத்தவரின் அனுமதியோடு அவர் தந்தையாரைத் தனியே அழைத்து உட்காரவைத்தார். நான் வெளியே பெஞ்சியில் இருந்தேன். கதவு சிறிது திறந்திருந்தது. "ஐயா, ராத்திரி படுத்தா எத்தனை மணிக்குக் கண்ணை மூடுவீங்க?" என்றார். "மூணு ஆகும், அம்மா. சில நாள் நாலு" என்றார் தந்தையார். பிறகு குடும்பத்தைப் பற்றிய கேள்வி வந்தது. சற்று நேரம் பேச்சில்லை. "பேரப்பிள்ளை விளையாடிச் சத்தம் போட்டா எரிஞ்சு விழுந்துடறேன். அது பயந்து போய் அம்மாகிட்ட ஓடுது. அப்புறம் எனக்கே மனசு ஆறமாட்டேங்குது. மகன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றார்.

அன்று 54 புள்ளிகள் வந்தன. அந்தப் பெண் வாய்மொழியாகக் கேட்டதும் ஆய்வுமுறைப்படி நிறுவிய வடிவமன்று என்பதை நான் அறிவேன். அவரே அதைச் சொன்னார். ஆனால் 28-க்கும் 54-க்கும் இடையில் இருந்தது தந்தையாரின் இரவுகளெல்லாம்.

இந்த ஓசையை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை நிறுவப்படவில்லை. அப்படி விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொடுக்கவேண்டா. செவித்திறன் குறைந்தவர்க்குக் கேட்கும் கருவி உதவும். இதமான வேற்றோசையை மெல்ல ஒலிக்கச் செய்வது பலருக்கு ஆறுதல் தரும். ஓசையைப் பற்றிய அச்சத்தையும் எண்ணப் போக்கையும் மாற்றும் மனப்பயிற்சிச் சிகிச்சை துன்பத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்து எழும் ஓசை, இவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரைக் காணவேண்டும். திடீரெனக் காது கேளாமற்போனால் அன்றே ஓடவேண்டும்.

தந்தையாருக்கு இப்போது கருவி பொருத்தியிருக்கிறது, பயிற்சியும் நடக்கிறது. இரைச்சல் போய்விடவில்லை. ஆனால் அவருக்கு இரைச்சல் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேரன் விளையாடும் வேளையில் அவர் மாடிக்குப் போய்விடுகிறார். பேரனும் அதைக் கோபமென்று எண்ணுவதில்லை.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்போது நாமே துபாஷியாக நிற்க நேர்கிறது. கேள்வியின் சொல்லைப் பெயர்க்காதீர்கள். அது கேட்க விரும்பும் வாழ்க்கையைக் கேளுங்கள். அவர் சொன்ன விடையைத் திருப்பிச் சொல்லி, 'இதுதானே?' என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மகன் முன்னோ மருமகள் முன்னோ சொல்லக் கூசும் கேள்விகளுக்கு, தமிழறிந்த வெளியார் ஒருவரைத் தேடுங்கள். நம் சங்கத்தில் செவிலியரும் மருந்தகத்தாரும் பலர் உளர். வாரத்தில் ஒரு மணி நேரம் இப்பணிக்கென ஒதுக்க முன்வருவோரின் பெயர்ப்பட்டி ஒன்றைக் காரியதரிசி அவர்கள் தயாரித்தால் பேருதவியாகும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். இம்முறை கேள்விகளை நிதானமாகக் கேட்பேன், எதையும் விட்டுவிடமாட்டேன்.